விரல் நுனியில் தண்ணீர்

எங்கள் சபையில் சாட்சி சொல்ல எனக்குக் கிடைத்தது கொஞ்ச நேரம்தான். காய்ச்சல் வந்தது, மூச்சு நின்றது, ஜெபித்தீர்கள், எழுந்து வந்தேன் என்று நாலு வார்த்தையில் முடித்துவிட்டேன். எல்லோரும் அல்லேலூயா சொன்னார்கள். நானும் சொல்லிவிட்டு உட்கார்ந்தேன். சொல்லாமல் விட்டது நிறைய. அதற்குப் பிறகு என்னைப் பார்க்க வருகிறவர்கள் எல்லோரும் காபி டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, குரலைத் தாழ்த்தி ஒன்றையே கேட்கிறார்கள்: "அங்க இன்னா இருந்துச்சு?" அவர்கள் 'அங்கே' என்பது ஆஸ்பத்திரியை அல்ல. ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்ல எனக்கு இன்னும் தெம்பு வரவில்லை. அதனால் எழுதுகிறேன்.

என் பெயர் ஏகாம்பரம். ஆரணியில் பட்டு நெய்கிறவன். தெருவில் பாதி வீடுகளில் பவர்லூம் வந்துவிட்டது, என்னிடம் இருப்பது கைத்தறி. சபையில் எனக்கு ஏனோக்கு என்று பெயர். நான் குடியை விட்டது அந்தச் சபையில்தான். விட்ட வருஷமே ஞானஸ்நானம் எடுத்தேன். வேதத்தில் வரும் ஏனோக்கு சாவைப் பார்க்காமலே எடுத்துக்கொள்ளப்பட்டவர். அந்தப் பெயருக்கு என் காய்ச்சல் கொஞ்சமும் மரியாதை கொடுக்கவில்லை.

என் மனைவி காஞ்சனா சபைக்கு வருவதில்லை. "உங்களைக் குடியிலேர்ந்து இழுத்துப் போட்டாரு, அதுக்கு அவருக்கு ஒரு கும்புடு. எனக்கு எங்க அம்மா போதும்" என்பாள். அம்மா என்றால் படவேட்டு ரேணுகாம்பாள் அம்மன். எனக்குத் தார் சுற்றிக் கொடுப்பது அவள்தான். தறியில் குறுக்கே ஓடுகிற நாடாவுக்குள் வைக்கிற சின்ன நூல் கண்டைத்தான் தார் என்போம். சுற்றும்போது இழை அறுந்தால், பக்கத்தில் இருக்கும் கிண்ணத்தில் விரல் நுனியை நனைத்து, இரண்டு முனையையும் முறுக்கி ஒட்டிவிடுவாள். எங்கே ஒட்டினாள் என்று எனக்கே தெரியாது. ராட்டைக்குப் பக்கத்தில் அந்தத் தண்ணீர்க் கிண்ணம் இல்லாமல் அவளை நான் பார்த்ததில்லை.

கல்லறைத் திருநாளுக்கு முன்னால் சபைக் கல்லறைத் தோட்டத்தில் புதர் வெட்டப் போனோம். மழை விட்டு, சமாதி எது தரை எது என்று தெரியாமல் முளைத்துக் கிடந்தது. லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு நானும் இறங்கி வெட்டினேன். ஒரு வாரம் கழித்துக் காய்ச்சல் வந்தது. தலை இரண்டாகப் பிளப்பது போல வலி. தெரு முனை கிளினிக்கில் மாத்திரை கொடுத்தார்கள். விட்டது போல இருந்தது, மறுபடி வந்தது. பிறகு பேசினாலே மூச்சு வாங்கியது. என் மச்சான் சேகர் யாருடைய காரையோ கேட்டு வாங்கி வந்து, என்னைப் பின் சீட்டில் படுக்க வைத்து வேலூருக்கு ஓட்டினான். வழியெல்லாம் காஞ்சனாவின் மடியில்தான் தலை. "ஜல்தியா போடா" என்று அவனைத் திட்டிக்கொண்டே வந்தாள்.

பெரிய ஆஸ்பத்திரியின் எமர்ஜென்சியில் ஒரு சின்ன வயது லேடி டாக்டர் என் சட்டையைக் கழற்றி, கையைத் தூக்கச் சொல்லி, அக்குள், கழுத்து, முதுகு என்று எதையோ தேடினார். நகை தொலைத்தவர் தேடுவது போல் அப்படி ஒரு தேடல். கடைசியில் லுங்கி முடிச்சுக்குக் கீழே, இடுப்பில், சிகரெட்டால் சுட்ட மாதிரி ஒரு கருப்புப் பொறுக்கு இருந்தது. வலியே இல்லாததால் நான் பார்க்கவில்லை.

"புதர் பக்கம் எங்கயாவது போனீங்களா ஐயா?"

"கல்லறைக்குப் போனேன்."

டாக்டர் ஒரு நிமிஷம் என்னைப் பார்த்துவிட்டு எழுதிக்கொண்டார். காஞ்சனா மட்டும் முணுமுணுத்தாள்: "செத்தவங்க இடத்துலேர்ந்து எடுத்துகினு வந்துட்டீங்களா."

அதை ஸ்க்ரப் டைபஸ் என்கிறார்கள். தமிழில் உண்ணிக் காய்ச்சல். புதரில் இருக்கும் கண்ணுக்கே தெரியாத உண்ணிக் குஞ்சு கடித்த இடத்தில் பொறுக்கு கட்டும். கிருமி அங்கிருந்து ரத்தத்தில் இறங்கும். சீக்கிரம் கண்டுபிடித்தால் மாத்திரையிலேயே போய்விடும். தள்ளிப்போனால் ஈரல், கிட்னி, நுரையீரல் என்று ஒவ்வொன்றாகத் தொடும். எனக்கு எல்லாவற்றையும் தொட்டிருந்தது. எக்ஸ்ரேயைத் தூக்கிக் காட்டினார்கள். நுரையீரல் கருப்பாகத் தெரிய வேண்டுமாம். காற்று இருக்கும் இடம் கருப்பு. என்னுடையது வெள்ளையாக இருந்தது. நீர் கோத்துக்கொண்டது என்றார்கள்.

மருந்து வேலை செய்யும் வரை மிஷின் மூச்சு விடட்டும் என்று முடிவு செய்தார்கள். அதுதான் வென்டிலேட்டர். தொண்டை வழியாக நுரையீரலுக்கு ஒரு குழாய் இறக்குவார்கள், அதைப் பொறுத்துக்கொள்ள மயக்கத்தில் வைப்பார்கள். டாக்டர் குனிந்து சொன்னார்: "ஐயா, உங்களைத் தூங்க வைக்கப் போறோம்."

எங்கள் ஆட்கள் இறந்தால் ஒட்டுகிற போஸ்டரில் செத்தார் என்று போட மாட்டோம். கர்த்தருக்குள் நித்திரையடைந்தார் என்றுதான் இருக்கும். எனக்கு அந்தப் போஸ்டரில் என் போட்டோ தெரிந்தது. "நித்திரையா?" என்றேன்.

"ஆமாங்க ஐயா. நல்ல நித்திரை" என்று சிரித்தார் அந்தப் பெண். பாவம், அவருக்கு என்ன தெரியும்.

அப்போது நான் பயந்தது சாவுக்கு என்றுதான் எல்லோரும் நினைக்கிறார்கள். சாவுக்கும் பயம்தான், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் அதைவிடப் பெரிய பயம் ஒன்று எனக்குள் ஒரு வருஷமாக இருந்தது. போன வருஷம் போதகர் ஐசுவரியவான் கதையைப் பிரசங்கித்தார். தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். ஒரு பணக்காரன், அவன் வாசலில் புண்ணோடு கிடந்த ஒரு பிச்சைக்காரன். இரண்டு பேரும் சாகிறார்கள். பிச்சைக்காரனை ஆபிரகாமின் மடியில் கொண்டுபோய் வைக்கிறார்கள். பணக்காரன் பாதாளத்தில் நெருப்பில் கிடக்கிறான். அவன் அண்ணாந்து பார்த்து, அந்தப் பிச்சைக்காரன் விரல் நுனியைத் தண்ணீரில் தோய்த்து வந்து என் நாக்கைக் குளிரப் பண்ணட்டும் என்று கெஞ்சுகிறான். முடியாது என்று பதில் வருகிறது. நடுவில் பெரும்பிளப்பு இருக்கிறது. இங்கிருந்து அங்கேயும் அங்கிருந்து இங்கேயும் ஒருவரும் தாண்ட முடியாது.

அன்று பிரசங்கம் முடிந்து வீட்டுக்கு வந்தபோது காஞ்சனா எனக்குச் சோறு போட்டாள். நான் சாப்பிட்டுக்கொண்டே அவள் கையைப் பார்த்தேன். நான் செத்தால் ஒரு பக்கம், இவள் செத்தால் இன்னொரு பக்கம். கூப்பிட்டால் கேட்கும், வர முடியாது. இதை நான் அவளிடம் சொல்லவில்லை. குழாய் போட என்னைத் தள்ளிக்கொண்டு போனபோது அவள் கட்டிலைப் பிடித்துக்கொண்டே கதவு வரை வந்தாள். கதவில் அவள் கையை எடுத்துவிட்டார்கள். பிளப்பு இந்தக் கதவுதான் என்று நினைத்தேன். அதற்குப் பிறகு மயக்க மருந்து வேலை செய்துவிட்டது.

ஐசியூவில் பகல் என்றும் இரவு என்றும் இல்லை. ஒரே வெள்ளை வெளிச்சம், ஏதாவது ஒன்று எங்கேயாவது பீப் பீப் என்று கத்திக்கொண்டே இருக்கும். இதெல்லாம் பின்னால் தெளிந்தபோது பார்த்தது. மயக்கத்தில் நான் இருந்த இடம் வேறு.

அது ஒரு நீளமான தறிக்கூடம். குழித்தறியில் நாங்கள் இடுப்பு வரை தரைக்குள் காலைத் தொங்கவிட்டு உட்கார்ந்துதான் நெய்வோம். அங்கே அப்படிக் குழிகள் வரிசையாக இருந்தன, முடிவே தெரியவில்லை. ஒவ்வொன்றிலும் ஒரு ஆள் உட்கார்ந்திருந்தார். எல்லோர் முன்னாலும் பாவு நூல் நீளமாக இழுத்துக் கட்டியிருந்தது. ஒருத்தரும் நெய்யவில்லை. ஒரு சத்தம் இல்லை. முகத்தில் கோபமோ வருத்தமோ இல்லை, தூசி மட்டும் இருந்தது. நான் குழிக்குள் காலால் மிதிகட்டையைத் தேடினேன். கீழே எதுவும் தட்டுப்படவில்லை. காலை எவ்வளவு நீட்டினாலும் வெறும் ஆழம்.

தாகம் என்றால் என்ன என்று அங்கேதான் தெரிந்தது. நாக்கு வாய்க்குள் கட்டை மாதிரி கிடந்தது. பக்கத்துக் குழியில் இருந்தவர் மட்டும் பேசினார். எனக்குத் திரும்பிப் பார்க்க முடியவில்லை, குரல் மட்டும் கேட்டது. "தண்ணி... ஒரு சொட்டு... யாராவது கீறீங்களா?" சண்டை போடுகிற குரல் இல்லை. தூங்குகிறவர்களை எழுப்பிவிடக் கூடாது என்பது போல மெதுவாகக் கேட்டார். கேட்டுவிட்டுக் காத்திருந்தார். மறுபடி கேட்டார். நான் கொடுக்கிறேன் என்று சொல்ல வாயைத் திறந்தேன், சத்தம் வரவில்லை.

தூரத்தில் ஒரு வெளிச்சம் இருந்தது. அதில் காஞ்சனா ராட்டை முன்னால் உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் கிண்ணம். இங்கே எல்லோரும் தவறாகப் புரிந்துகொள்வார்கள், அதனால் நன்றாகச் சொல்கிறேன். நான் கேட்ட பிரசங்கத்தின்படி நான் வெளிச்சத்திலும் அவள் இருட்டிலும் இருந்திருக்க வேண்டும். அங்கே மாறியிருந்தது. எனக்கு அதில் வருத்தம் இல்லை. அவள் நல்ல இடத்தில் இருக்கிறாள் என்ற நிம்மதிதான் முதலில் வந்தது. பிறகு தாகம் அந்த நிம்மதியையும் தின்றுவிட்டது. அவளைக் கூப்பிட்டேன். விரலை மட்டும் நனைத்துக்கொண்டு வா என்று கூப்பிட்டேன். அவள் ராட்டையைச் சுற்றிக்கொண்டே இருந்தாள்.

எவ்வளவு காலம் அப்படி இருந்தது என்று எனக்குத் தெரியாது. ஒரு சமயம் என் நாக்கின் நுனியில் குளிர்ச்சி பட்டது. ஒரு புள்ளி அளவு. அது நாக்கு முழுவதும் பரவுவதை நான் உணர்ந்தேன். கண்ணைத் திறந்தேன். பச்சை கவுனும் தலையில் தொப்பியும் போட்டுக்கொண்டு ஒரு உருவம் என் மேல் குனிந்திருந்தது. கண்ணை வைத்துத்தான் காஞ்சனா என்று கண்டுபிடித்தேன்.

"அம்மா, வாயில எதுவும் குடுக்கக் கூடாதுன்னு சொன்னேன் இல்ல? பொரை ஏறும்" என்று நர்ஸ் அம்மா ஓடி வந்தார்.

"குடுக்கலம்மா. விரலால தொட்டேன்" என்றாள்.

அன்று காலைதான் குழாயை எடுத்திருந்தார்களாம். எடுத்த புதிதில் தொண்டைக்கு விழுங்கத் தெரியாது; தண்ணீர் வழி தவறி நுரையீரலுக்குள் போய்விடும். அதனால் உதட்டில் ஈரத் துணி மட்டும்தான் வைப்பார்கள். இதெல்லாம் அப்போது எனக்குத் தெரியாது. நான் இருந்த இடத்தில் இருந்து பார்த்தால், தாண்டவே முடியாததைத் தாண்டி அவள் வந்திருந்தாள். அழுதேன். அவள் என் காதுக்குப் பக்கத்தில் வந்து, சந்தோஷமாக, ரகசியம் போலச் சொன்னாள்: "பயப்படாதீங்க. நடுவுல பெரும்பொளப்பு கீது. வேதத்துலயே கீதாம்."

இவளுக்கு யாரோ சொல்லிவிட்டார்கள். தெரிந்துகொண்டு, விடைபெற வந்திருக்கிறாள். நான் செத்துவிட்டேன், இவள் அந்தப் பக்கத்தில் இருந்து சிரிக்கிறாள் என்று நினைத்தேன். பார்வை நேரம் முடிந்தது என்று அவளை வெளியே அனுப்பினார்கள். அவள் கதவுக்கு அந்தப் பக்கம் போனதும் நான் கையைக் காலை உதறி, கையில் இருந்த ஊசியைப் பிடுங்கிவிட்டேனாம். கையைக் கட்டிலோடு கட்டிப் போட்டார்கள்.

வார்டுக்கு மாற்றிய பிறகுதான் விஷயம் புரிந்தது. ஐசியூவுக்கு வெளியே உறவுக்காரர்கள் உட்காரும் ஹால் ஒன்று இருக்கிறது. உள்ளே இருப்பவருக்கு என்ன என்று ஸ்பீக்கரில் பெயர் சொல்லிக் கூப்பிடும் வரை அங்கேயேதான் கிடக்க வேண்டும். காஞ்சனாவுக்குப் பக்கத்தில் தெள்ளாரில் இருந்து வந்த ஒரு அம்மா, மகனுக்காகக் காத்துக்கொண்டு, தினமும் வேதத்தை வாய்விட்டுப் படித்துக்கொண்டிருந்தாராம். அவர் படித்ததில் இவள் காதில் விழுந்தது அந்த ஒரு வார்த்தை.

எங்கள் ஊரில் உயிர் பிழைப்பதையும் பொளைக்கிறது என்றுதான் சொல்வோம், கட்டை பிளப்பதையும் பொளக்கிறது என்றுதான் சொல்வோம். பிளப்பும் பொளப்பு, பிழைப்பும் பொளப்பு. அந்த அம்மா பெரும்பிளப்பு என்று படித்தது இவளுக்குப் பெரும் பிழைப்பு என்று விழுந்திருக்கிறது. செத்துப் போகிறவர்களுக்கும் இருக்கிறவர்களுக்கும் நடுவில் பெரிய பிழைப்பு ஒன்றை ஆண்டவர் வைத்திருக்கிறார் என்று எடுத்துக்கொண்டாள். "அதைக் கேட்டப்புறம்தாங்க எனக்குச் சோறு எறங்குச்சு" என்றாள். அதையே பிடித்துக்கொண்டு அத்தனை நாளும் அந்த ஹாலில் இருந்திருக்கிறாள். சேகர் கொண்டுவந்த சோற்றை மற்றவர்களுக்கும் பிரித்துக் கொடுத்து, அந்த வார்த்தையையும் சேர்த்துக் கொடுத்திருக்கிறாள்.

வேதத்திலேயே பயங்கரமான வார்த்தை ஒன்றைச் சாப்பிட்டு என் பெண்டாட்டி உயிரோடு இருந்திருக்கிறாள். நான் எப்படித் திருத்துவேன்? "நல்ல வார்த்தைதான்" என்று மட்டும் சொன்னேன்.

பக்கத்துக் கட்டிலைப் பற்றி நர்ஸ் அம்மாவிடம் கேட்டேன். தண்ணீர் கேட்டுக்கொண்டே இருந்தாரே, அவருக்குக் கொடுத்தீர்களா என்று கேட்டேன். பக்கத்தில் இருந்தவர் களம்பூர்க்காரர், ரைஸ் மில் மேஸ்திரி, அவருக்கும் இதே காய்ச்சல்தான் என்றார். "ஆனா ஐயா, அவருக்கும் தொண்டையில குழாய் இருந்தது. குழாய் இருந்தா பேச முடியாது. நீங்க முழிக்கறதுக்கு முன்னாடியே அவர் போயிட்டார்."

டாக்டர் விளக்கினார். அதற்கு டெலிரியம் என்று பெயர். மயக்க மருந்து, காய்ச்சல், தூக்கம் கெடுவது எல்லாம் சேர்ந்து மூளை தானாக ஒன்றைக் கட்டிக்கொள்ளுமாம். பாதிப் பேருக்கு ஏதாவது வரும், சிலருக்கு வீட்டுக்குப் போன பிறகும் கொஞ்ச நாள் இருக்கும், பயப்பட வேண்டாம் என்றார். தாகம் உங்களுடையது, அந்தத் தாகத்துக்குத்தான் மூளை குரல் கொடுத்தது என்றார். நான் தலையாட்டினேன். என் குரல் எனக்குத் தெரியாதா என்று கேட்கவில்லை.

களம்பூர்க்காரரின் மனைவியும் அந்த ஹாலில்தான் இருந்தாராம். ஸ்பீக்கரில் புருஷன் பெயரைக் கூப்பிட்டதும் உள்ளே போய்விட்டு வந்து, ஒன்றும் பேசாமல் தன் பாயைச் சுருட்டிக் காஞ்சனா கையில் கொடுத்துவிட்டாராம். "உன் பாய் கிழிஞ்சு கீதும்மா, இதுல படு. எனக்கு இனிமே இங்க வேலை இல்ல" என்றாராம். அந்தப் பாய் இப்போது எங்கள் வீட்டில் இருக்கிறது.

வார்டில் இருந்தபோது போதகர் பார்க்க வந்தார். நல்ல மனுஷன். ஆரணியில் இருந்து பஸ் பிடித்து, இட்லியும் வாங்கிக்கொண்டு வந்தார். ஜெபித்து முடித்ததும் அவரிடம் ஒன்று கேட்டேன். வேதத்தின் பழைய பாகத்தில் பாதாளம் என்றால் ஒரே இடம்தான். நல்லவனும் அங்கேதான் போகிறான், கெட்டவனும் அங்கேதான். இருட்டு, தூசி, பாட்டு இல்லை, வேலை இல்லை, நினைப்பும் இல்லை. யாக்கோபு தன் மகன் செத்துவிட்டான் என்று நம்பியபோது, நானும் துக்கத்தோடு பாதாளத்துக்கு அவனிடமே இறங்கிப் போகிறேன் என்றுதான் அழுதான். அங்கே பிளப்பு எதுவும் இல்லையே, பிற்பாடு எங்கிருந்து வந்தது என்று கேட்டேன்.

போதகர் யோசித்துவிட்டுச் சொன்னார்: "பழசுல வெளிச்சம் கம்மி, ஏனோக்கு. போகப் போகத்தானே வெளிச்சம் வரும்."

வெளிச்சம் வந்ததும் பள்ளமும் தெரிந்துவிட்டதாக்கும் என்று நினைத்துக்கொண்டேன். அவருக்கு இட்லி வாங்கி வந்த மனசு. அவரிடம் வாதாட எனக்கு இஷ்டமில்லை. காஞ்சனா அப்போது கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து என் கால் நகங்களை வெட்டிக்கொண்டிருந்தாள். இவளோடு அந்தப் பழைய இருட்டில் பக்கத்துப் பக்கத்துக் குழியில் உட்கார்ந்திருக்க விடுவார்கள் என்றால், பாட்டு இல்லாவிட்டாலும் பரவாயில்லை என்று எனக்குத் தோன்றியது. ஒரு விசுவாசி நினைக்கக்கூடாத நினைப்பு அது. நினைத்தேன்.

வீட்டுக்கு வந்த பிறகும் அந்த இடம் என்னை விடவில்லை. எங்கள் தெருவில் விடிந்ததில் இருந்து பவர்லூம் சத்தம்தான். புதிதாக வருகிறவர்கள் காதைப் பொத்திக்கொள்வார்கள், எங்களுக்கு அது கேட்கவே கேட்காது. கரண்ட் போனால்தான் கேட்கும். தெரு முழுக்க எல்லா மிஷினும் ஒரே நொடியில் நிற்கும். அந்த அமைதிக்குள் இருந்து மெதுவாக, யாரையும் எழுப்பிவிடக் கூடாது என்பது போல, அந்தக் குரல் கேட்கும். "தண்ணி... ஒரு சொட்டு..."

காஞ்சனாவிடம் சொன்னேன். அவள் சிரிக்கவில்லை, பயப்படவும் இல்லை. சுருட்டி வைத்திருந்த பாய்க்குப் பக்கத்தில் ஒரு சொம்பில் தண்ணீர் வைத்தாள். "தாகத்தோட போன மனுஷன்" என்றாள். செத்தவர்களுக்கு வைப்பது எங்கள் சபையில் கூடாது. தினமும் அவள் தண்ணீரை மாற்றி வைப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

நான் சாட்சி சொல்கிற ஞாயிற்றுக்கிழமை அவளும் வருகிறேன் என்றாள். "உங்களைப் பொளைக்க வெச்சவருக்கு நேர்ல ஒரு கும்புடு போட்டுட்டு வரேன்." பட்டுப் புடவை கட்டிக்கொண்டு, பெண்கள் பக்கத்தில் கடைசி வரிசையில் உட்கார்ந்தாள். நான் சொல்லி முடித்து உட்கார்ந்தேன். போதகர் எழுந்து, பாதாளத்தின் வாசல் வரை போய் வந்த சகோதரனைப் பார்த்தோம், இன்றைக்குப் பாதாளத்தைப் பற்றியே தியானிப்போம் என்று ஆரம்பித்தார். ஐசுவரியவான் கதையை எடுத்தார். பெரும்பிளப்பு வந்தது. போதகர் அங்கே நிறுத்தி, பிளப்பு என்றால் என்ன என்று கையை விரித்துக் காட்டினார். பூமி வெடித்து ஏற்பட்ட பள்ளம், பாலம் போட முடியாது, கயிறு போட முடியாது, அந்தப் பக்கம் நிற்பது சொந்தப் பெண்டாட்டி பிள்ளை என்றாலும் முடியாது என்றார். நான் திரும்பிப் பார்க்கவில்லை. என் கழுத்து திரும்பவில்லை.

சபை முடிந்து வீட்டுக்கு வரும் வழியில் அவள் கத்திரிக்காய் பேரம் பேசி வாங்கினாள். வீட்டில் குழம்பு வைத்தாள்.

மறுநாள் மதியம் அவள் தார் சுற்றிக்கொண்டிருந்தாள். எனக்கு இன்னும் தறியில் உட்காரத் தெம்பு இல்லாததால் சுவரில் சாய்ந்துகொண்டு பார்த்துக்கொண்டிருந்தேன். கரண்ட் போனது. தெரு நின்றது. அவளும் ராட்டையை நிறுத்தினாள்.

"அது பொளைக்கறது இல்லியாமே" என்றாள். "பொளக்கறதாமே."

"ஆமா."

"ஆஸ்பத்திரியிலேயே உங்களுக்குத் தெரியும்."

"தெரியும்."

"நான் அந்த ஹால்ல எத்தினி பேருக்குச் சொன்னேன் தெரியுமா? களம்பூர் அம்மாவுக்கும் சொன்னேன்."

அவள் கையில் இருந்த அறுந்த இழையை விரலில் சுற்றிக்கொண்டே கேட்டாள்: "அப்போ நான் எந்தப் பக்கம்?"

இதற்குத்தான் ஒரு வருஷமாகப் பயந்துகொண்டிருந்தேன். சபைக்காரனாக எனக்குப் பதில் தெரியும். அந்தப் பதிலை அவள் முகத்தைப் பார்த்துச் சொல்ல என் நாக்கு எழும்பவில்லை. அதே கட்டை மாதிரி கிடந்தது. அந்த அமைதியில், பாய்க்குப் பக்கத்தில் இருந்து வருவது போல, களம்பூர்க்காரர் கேட்டார். தண்ணி, ஒரு சொட்டு, யாராவது கீறீங்களா.

காஞ்சனா என் முகத்தைப் பார்த்தாள். "அவரா?"

தலையாட்டினேன்.

அவள் சொம்பைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். பிறகு ராட்டைக்குப் பக்கத்தில் இருந்த கிண்ணத்தில் விரல் நுனியை நனைத்து எடுத்து, அதை முகத்துக்கு நேராகப் பிடித்துக்கொண்டு பார்த்தாள். சொட்டு கீழே விழாமல் நுனியில் நின்றது.

"அன்னிக்கு உங்க நாக்குக்கு எட்டுச்சு இல்ல?" என்றாள்.

கரண்ட் வந்தது. தெருவில் அத்தனை மிஷினும் ஒரே நேரத்தில் அடிக்க ஆரம்பித்தன. அவள் குனிந்து, அறுந்திருந்த இழையை அந்த ஈர விரலால் முறுக்கி ஒட்டிவிட்டு ராட்டையைச் சுற்றத் தொடங்கினாள். எட்டியது என்று நான் சொன்னேன். அந்தச் சத்தத்தில் அவளுக்குக் கேட்டதா என்று தெரியவில்லை.